பதில் வந்த வழி: அரசியல் தலைவர்களும் வானொலியும்



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'அரசியல் தலைவர்களும் வானொலியும்'. மூன்று நாள் தொடராகப் பேச வேண்டிய தலைப்பு இது. ஒரு மாலைக்குள் அடங்க வேண்டுமானால் எதையாவது வெட்டியாக வேண்டும். நான் குரல் வளத்தை வெட்டிவிடுகிறேன். வானொலியில் பேசிய தலைவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அவர் குரலில் இருந்த காந்தம், கம்பீரம் என்றுதான் தொடங்குகிறார்கள். ஒரு குரல் நமக்கு ஏன் பிடித்துப்போகிறது என்று காரணம் சொல்ல யாராலும் முடிவதில்லை. அதனால் அந்தப் பேச்சு தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது.

நான் எடுத்துக்கொண்டிருப்பது வேறு கேள்வி. வானொலி ஒருவழிப் பாதை. மேடையில் பேசுகிறவருக்கு எதிரே முகங்கள் இருக்கின்றன. கைதட்டுகிறார்கள், கூச்சல் போடுகிறார்கள், பிடிக்காவிட்டால் எழுந்து போகிறார்கள். கிணற்றுக்குள் குனிந்து கூப்பிட்டால்கூட எதிரொலி ஒன்று திரும்பி வரும். வானொலி நிலையத்து மைக்குக்கு முன்னால் அதுவும் கிடையாது. அப்படியானால், பேசிய தலைவருக்கு மக்களின் பதில் எந்த வழியாக வந்தது? வந்த பதிலை அவர் என்ன செய்தார்? இதைக் கேட்டுக்கொண்டே சில நாடுகளுக்குப் போய்வருவோம். அமெரிக்காவில் கொஞ்சம் அதிக நேரம் தங்க வேண்டியிருக்கும். அங்கே சரக்கு அதிகம்.

1933 மார்ச் 4ஆம் தேதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றார். அன்று அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் வங்கிகள் மூடிக் கிடந்தன. மற்ற இடங்களில் பணம் எடுக்கக் கட்டுப்பாடு. முந்தைய மூன்று ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான வங்கிகள் திவாலாகியிருந்தன. வங்கியில் போட்ட பணத்துக்கு மத்திய அரசின் காப்பீடு அப்போது கிடையாது. வங்கி மூழ்கினால் போட்டவர் பணமும் போச்சு. ஆகவே ஒரு வங்கி வாசலில் நாலு பேர் நின்றால் ஊரே ஓடிவரும். நல்ல நிலையில் இருந்த வங்கியையும் அந்தக் கூட்டமே கவிழ்த்துவிடும். ரூஸ்வெல்ட் மார்ச் 6ஆம் தேதி நாடு முழுவதும் வங்கிகளுக்கு விடுமுறை விட்டார். 9ஆம் தேதி ஒரே நாளில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இதற்கான சட்டம் நிறைவேறியது. 13ஆம் தேதி திங்கள் முதல், கணக்கு வழக்கு சரியாக இருக்கும் வங்கிகளைப் படிப்படியாகத் திறப்பது என்று ஏற்பாடு. திறந்த உடனே மக்கள் வரிசையில் நின்று பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டால்? அதைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது.

மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை, வாஷிங்டனில் இரவு பத்து மணி. ரூஸ்வெல்ட் ஏறத்தாழக் கால் மணி நேரம் வானொலியில் பேசினார். பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. நீங்கள் போடும் பணத்தை வங்கிக்காரர்கள் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடனாகவும் பத்திரங்களாகவும் வெளியே விடுகிறார்கள். எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் எவ்வளவு நல்ல வங்கியாலும் கொடுக்க முடியாது என்பதில் தொடங்கினார். எந்த மாதிரி ஊர்களில் எந்தக் கிழமை வங்கி திறக்கும் என்று வரிசையாகச் சொன்னார். உங்கள் வங்கி முதல் நாளே திறக்கவில்லை என்றால் அது மூழ்கிவிட்டதாக நினைக்க வேண்டாம் என்றார். மெத்தைக்கு அடியில் வைப்பதைவிடத் திறந்த வங்கியில் வைப்பது பத்திரம் என்று உறுதி கொடுத்தார். வங்கி விவகாரத்தை வங்கிக்காரர்களுக்கே புரியும்படி சொல்லிவிட்டார் என்று நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸ் கிண்டலாகப் பாராட்டினார்.

மறுநாள் வங்கி வாசல்களில் வரிசை நின்றது, பணம் போடுவதற்கு. பயந்து எடுத்து வீட்டில் வைத்திருந்த பணத்தில் பாதிக்கு மேல் இரண்டு வாரத்துக்குள் வங்கிக்குத் திரும்பிவிட்டது. 15ஆம் தேதி நியூயார்க் பங்குச் சந்தை திறந்தபோது ஒரே நாளில் 15 விழுக்காட்டுக்கும் மேல் ஏறியது. இதெல்லாம் அந்தப் பேச்சால் மட்டும் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். பின்னால் சட்டம் இருந்தது, மத்திய வங்கி தரும் நோட்டு இருந்தது. ஆனால் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதிபர் அடுத்த தேர்தல்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே வங்கி வாசலில் பதில் கிடைத்துவிட்டது.

ரூஸ்வெல்ட்டுக்கு முன்பு அதிபர்கள் வானொலியில் பேசவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1923 டிசம்பரில் கூலிட்ஜ் காங்கிரஸில் ஆற்றிய உரையே ஒலிபரப்பாகியிருக்கிறது. அடுத்து வந்த ஹெர்பர்ட் ஹூவரின் கதை இன்னும் சுவையானது. 1920களில் வர்த்தகத் துறை அமைச்சராக இருந்து, எந்த நிலையத்துக்கு எந்த அலைவரிசை என்ற சண்டைகளைத் தீர்க்க மாநாடு மாநாடாகக் கூட்டியவர் அவர்தான். வானொலியின் உள்விவகாரம் அவரளவுக்குத் தெரிந்த அரசியல்வாதி அன்று அமெரிக்காவில் வேறு யாருமில்லை. அதிபரானபின் அடிக்கடி பேசவும் செய்தார். ஆனால் அவர் பெரும்பாலும் பேசியது மண்டபத்தில் கூடியிருந்தவர்களிடம். மைக் அந்தப் பேச்சை வெறுமனே ஒட்டுக்கேட்டது. வீட்டில் உட்கார்ந்து கேட்டவர், தனக்குச் சம்பந்தமில்லாத கூட்டத்தின் வெளியே நிற்பவர்போல்தான் கேட்டிருப்பார்.

ரூஸ்வெல்ட் இந்தப் பாடத்தை நியூயார்க் மாநில ஆளுநராக இருந்த காலத்திலேயே கற்றுவிட்டார். 1929இல் அவர் ஆளுநரானபோது மாநிலச் சட்டமன்றம் எதிர்க்கட்சியின் கையில். நகரத்துக்கு வெளியே பத்திரிகைகள் பெரும்பாலும் எதிர்க்கட்சிக்காரர்களுடையவை. சட்டமன்றம் ஒரு மசோதாவைக் கிடப்பில் போட்டால் ஆளுநர் வானொலியில் போய் அதை விளக்குவார். சில நாட்களில் உறுப்பினர்களின் மேசைக்குக் கடிதங்கள் வந்து குவியும். பேச்சு ஆளுநரிடமிருந்து மக்களுக்குப் போகும். பதிலோ அவருடைய எதிரிகளின் மேசைக்குப் போகும். அரசியல் சாமர்த்தியம் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். பத்திரிகை முதலாளிகள் பின்னாளிலும் மாறவில்லை. 1936 தேர்தலில் பெரும்பாலான பத்திரிகைகள் அவரை எதிர்த்தே எழுதின. அப்படியும் 48 மாநிலங்களில் 46 மாநிலங்களை அவர் வென்றார்.

அவருக்கு வானொலி பொருந்தியதற்கு உடல் சார்ந்த காரணமும் உண்டு. 1921இல், 39 வயதில், இளம்பிள்ளை வாதம் தாக்கி அவருக்கு இரண்டு கால்களும் செயலிழந்துபோயின. மேடையில் நின்று பேச வேண்டுமானால் கால்களில் எஃகுத் தாங்கிகளைப் பூட்டிக்கொண்டு, மேசையை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வானொலிக்கு உட்கார்ந்து பேசலாம். இரவு பத்து மணிக்கு வெள்ளை மாளிகையின் தரைத்தள அறை ஒன்றில், சுற்றிலும் குடும்பத்தாரும் அலுவலர்களும் நாற்காலிகளில் இருக்க, நிதானமாகப் பேசுவார். சாதாரணமாக வானொலியில் பேசுபவர்கள் நிமிடத்துக்கு 150 சொற்களைத் தாண்டுவார்கள். இவர் 120க்குள் நிறுத்திக்கொள்வார், நெருக்கடியான நாட்களில் இன்னும் மெதுவாக. முன்பற்களுக்கு நடுவே இடைவெளி இருந்ததால் 'ஸ' ஒலி மைக்கில் விசிலடித்தது. அதற்காகவே கழற்றி மாட்டும் பல் ஒன்று செய்து வைத்திருந்தார். அவருடைய தொழிலாளர் துறை அமைச்சர் பிரான்சிஸ் பெர்கின்ஸ் ஒன்றை எழுதியிருக்கிறார். பேசும்போது அவர் தலையை ஆட்டுவாராம், சிரிப்பாராம், கைகள் தாமாக அசையுமாம், கேட்பவர் எதிரே திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் போல. யாரும் பார்க்க முடியாத சிரிப்பு. இருந்தாலும் குரலில் அது ஒட்டிக்கொண்டு போயிருக்கும்.

இனி கடிதங்கள். ஹூவர் காலத்தில் வெள்ளை மாளிகைக்கு வரும் தபாலை ஒரே ஊழியர் சமாளித்தார். ரூஸ்வெல்ட் வந்தபின் அதே வேலைக்கு ஐம்பது பேர் தேவைப்பட்டார்கள். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் வந்தன. ஒவ்வொரு வானொலிப் பேச்சுக்குப் பிறகும் மூட்டை மூட்டையாக வந்தன. எழுதியவர்கள் யார்? அதற்கு முன் அதிபருக்கு எழுதலாம் என்று கனவிலும் நினைத்திராதவர்கள். பென்சிலால், பிழைகளோடு, கிழித்த நோட்டுத் தாளில். வேலை கேட்டார்கள், கடன் நிவாரணம் கேட்டார்கள், நீங்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து பேசினதுபோல் இருந்தது என்றார்கள். திட்டியவர்களும் உண்டு. எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு, என்ன குறை என்று பிரித்து அதிபருக்குக் கொடுப்பார்கள். நேரம் கிடைத்தபோது அவரே சிலவற்றைப் பிரித்துப் படிப்பார். லாரன்ஸ் லெவைன், கார்னீலியா லெவைன் தம்பதி இந்தக் கடிதங்களைத் திரட்டிப் பெரிய புத்தகமாக 2002இல் வெளியிட்டார்கள். என்னைக் கேட்டால் ரூஸ்வெல்ட்டின் பேச்சுகளைவிட அந்தக் கடிதங்கள்தான் படிக்கத் தகுந்தவை.

1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அமெரிக்கக் குடும்பங்களில் 40 விழுக்காட்டினரிடம்தான் வானொலி இருந்தது. 1940க்குள் 80 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. இவ்வளவு வீடுகள் காது கொடுக்கத் தயாராக இருக்கும்போது ஒரு தலைவருக்கு என்ன ஆசை வரும்? தினமும் பேச ஆசை வரும். ரூஸ்வெல்ட் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த வகைப் பேச்சு முப்பது முறைதான் பேசினார், ஒன்றிரண்டு கூடக் குறைய. இன்னும் அடிக்கடி பேசுங்கள் என்று போர்க்காலத்தில் நண்பர் ஒருவர் எழுதியபோது, அடிக்கடி பேசினால் பேச்சின் வலு போய்விடும், அதுதான் என் பயம் என்று பதில் எழுதினார். இன்றைய தலைவர்களின் அலுவலகங்களில் இதைச் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம்.

1942 பிப்ரவரி 23ஆம் தேதிப் பேச்சை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர் விழுந்து எட்டு நாள். மலேயாவிலும் பர்மாவிலும் இருந்த தமிழர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அமெரிக்கர்களுக்கு அந்த இடங்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாது. இந்தப் பேச்சைக் கேட்கும்போது கையில் உலகப் படம் வைத்துக்கொள்ளுங்கள் என்று ரூஸ்வெல்ட் முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். பத்திரிகைகள் படம் அச்சிட்டன. கடைகளில் உலகப் படங்கள் விற்றுத் தீர்ந்தன. அன்றிரவு கோடிக்கணக்கானோர் படத்தில் விரல் வைத்துக்கொண்டு கேட்டார்கள். கேட்பவருக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அவர் வெறும் கேட்பவர் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஜப்பானியர்களுக்கும் ஏதோ தெரிந்திருந்தது. அவர் பேசிய அதே மாலைப்பொழுதில் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று கலிபோர்னியாக் கரையில் எல்வுட் எண்ணெய் வயல்மீது குண்டு வீசியது.

எல்லாம் வெற்றிதானா? இல்லை. உச்ச நீதிமன்றம் அவருடைய சட்டங்களை வரிசையாக அடித்துப் போட்டதால், 1937இல் நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டித் தனக்கு வேண்டியவர்களை நியமிக்கப் பார்த்தார். மார்ச் 9ஆம் தேதி அதை விளக்கி வானொலியில் பேசினார். அதே நிதானம், அதே பல், அதே சிரிப்பு. மக்கள் கேட்டார்கள், ஒப்புக்கொள்ளவில்லை. ஜூலையில் அந்த மசோதா செத்துப்போனது. குரல் வளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் இந்த ஆண்டைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

அதே அமெரிக்காவில் டெட்ராய்ட் அருகே சார்லஸ் கோக்லின் என்றொரு பாதிரியார் இருந்தார். ஞாயிறுதோறும் அவர் பேச்சைக் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். முதலில் ரூஸ்வெல்ட்டை ஆதரித்தார், பிறகு எதிர்த்தார், கடைசியில் யூத வெறுப்பில் போய் விழுந்தார். அவருக்கும் கடிதங்கள் குவிந்தன, காசும் சேர்ந்தே வந்தது. 1936 அதிபர் தேர்தலில் வில்லியம் லெம்கே என்பவரை நிறுத்தி, 90 லட்சம் வாக்கு வாங்கித் தராவிட்டால் வானொலியை விட்டே போய்விடுகிறேன் என்று சூளுரைத்தார். லெம்கேவுக்குக் கிடைத்தது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஞாயிறு மதியம் ஒருவர் பேச்சை ரசிப்பவர் செவ்வாய்க்கிழமை வாக்குச் சாவடியில் அவர் சொன்னபடி செய்துவிடுவார் என்று கணக்குப் போட்டதில் வந்த வினை. சொன்னபடி போய், சில வாரங்களில் திரும்பியும் வந்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

இப்போது ஜெர்மனி. ஹிட்லரின் வானொலித் திறமையைப் பற்றி நிறையக் கதை உண்டு. உண்மையில் மூடிய அறையில் மைக்கின்முன் அவருக்குப் பேச வரவில்லை. 1933 பிப்ரவரி 1ஆம் தேதி பிரதமரான கையோடு நிலையத்துக்குப் போய் எழுதி வைத்ததைப் படித்தார், சோபிக்கவில்லை. அவருக்கு எதிரே கூட்டம் வேண்டும். ஆகவே பெரும்பாலும் கூட்டத்தில் பேசுவதை ஒலிபரப்பினார்கள், ஆரவாரத்தையும் சேர்த்து. வீட்டில் இருப்பவர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதும் பெட்டிக்குள்ளிருந்தே வந்துவிட்டது. பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் அந்த ஆண்டு ஆகஸ்டில் 76 மார்க் விலையில் 'மக்கள் வானொலி' ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மாதிரி எண் 301, ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30இன் நினைவாக. 1938இல் 35 மார்க்குக்கு இன்னும் சிறிய பெட்டி. தெருக்களில் ஒலிபெருக்கித் தூண்கள். தலைவர் பேசும்போது ஆலைகளில் வேலையை நிறுத்திவிட்டுக் கூட்டமாகக் கேட்க வேண்டும். 1939இல் போர் தொடங்கியதும் வெளிநாட்டு நிலையங்களைக் கேட்பது குற்றம் என்று சட்டம் வந்தது. கேட்டதை மற்றவருக்குச் சொன்னால் மரண தண்டனைவரை போகலாம். வானொலிப் பெட்டியின் குமிழில் எச்சரிக்கை அட்டை ஒன்றைத் தொங்கவிட்டார்கள்.

அந்த ஆட்சிக்கும் மக்கள் மனநிலை தெரிய வேண்டியிருந்தது. கடிதத்தில் யார் உண்மை எழுதுவார்? ஆகவே உளவுத் துறை அந்த வேலையைச் செய்தது. கடை வரிசையில், ரயிலில், மதுக்கடையில் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டு ரகசிய அறிக்கைகளாகத் தொகுத்தார்கள். எந்தப் பேச்சு எடுபட்டது, எங்கே மக்கள் சலித்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்கின்றன. பேசுவது தலைவர், பதிலை எழுதித் தருவது ஒற்றர். போர் தோல்வியை நோக்கிச் சரிந்த ஆண்டுகளில் அந்த அறிக்கைகளின் இருட்டு மேலிடத்துக்குப் பிடிக்காமல் போய், 1944இல் அவற்றை நிறுத்தியே விட்டார்கள்.

ஜெர்மனியிடம் தோற்றுக்கொண்டிருந்த பிரான்ஸில் 1940 ஜூனில் இரண்டு நாட்களில் இரண்டு பேர் பேசினார்கள். 17ஆம் தேதி, முதல் உலகப் போரின் வீரர் மார்ஷல் பெத்தேன், புதிய பிரதமராக, போரை நிறுத்த வேண்டியதுதான் என்றார். நாடே கேட்டது. மறுநாள் லண்டனில் பி.பி.சி. நிலையத்திலிருந்து, பலருக்குப் பெயரே தெரியாத ஒரு தளபதி, சார்லஸ் டி கோல், போர் முடியவில்லை என்றார். மிகச் சிலர்தான் கேட்டார்கள். நிலையத்தார் அதைப் பதிவு செய்துகூட வைக்கவில்லை. இன்று நாம் கேட்கும் பதிவு 22ஆம் தேதி அவர் பேசியது. ஜூன் 18ஐ நாடே காதால் கேட்டது என்ற நினைவெல்லாம் பின்னால் வளர்ந்தது.

டி கோலின் நிலைமையை எண்ணிப்பாருங்கள். ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டுக்குக் கடல் தாண்டிப் பேசுகிறார். யாராவது கேட்கிறார்களா என்று தெரிந்துகொள்ள எளிதான வழியில்லை. பகிரங்கமாகக் கடிதம் எழுதினால் எழுதியவர் சிறைக்குப் போவார். அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. 1941 ஜனவரி 1ஆம் தேதி பிற்பகல் ஒரு மணி நேரம் யாரும் வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்று வானொலியில் கேட்டுக்கொண்டார். கேட்ட மாத்திரத்தில் ஜெர்மானியர்களுக்கும் இது தெரிந்துவிடும், தெரியட்டும். வீட்டில் சும்மா இருப்பவரை எந்தச் சட்டத்தில் கைது செய்வது? பல ஊர்களில் அந்த நேரத்துக்குத் தெருக்கள் காலியாயின. 1944இல் அவர் பிரான்ஸ் மண்ணில் கால் வைத்தபோது குரல் தெரிந்த மக்களுக்கு முகம் தெரியவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, பிரான்ஸ் அதிபராகிவிட்ட அதே மனிதருக்கு வானொலி இன்னொரு முறை கைகொடுத்தது. 1961 ஏப்ரல் 21ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுக்கக் கூடாது என்று பிரெஞ்சுத் தளபதிகள் சிலர் அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றினார்கள். முதல் வேலையாக உள்ளூர் வானொலி நிலையத்தைப் பிடித்தார்கள். பழைய பாடப்புத்தகத்தின்படி அதுவே போதும். ஆனால் இடையில் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. அங்கிருந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த பையன்கள். முகாமில் படுக்கைக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டி, மின்சாரமும் வேண்டாம், அதிகாரியின் அனுமதியும் வேண்டாம். 23ஆம் தேதி ஞாயிறு இரவு டி கோல் ராணுவ உடையில் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் தோன்றி, கலகக்காரர்களின் எந்த உத்தரவுக்கும் கீழ்ப்படியாதீர்கள் என்று ஆணையிட்டார். தளபதிகளைத் தாண்டி அந்தக் குரல் நேராகச் சிப்பாயின் காதுக்குப் போனது. லாரி கிளம்பவில்லை, செய்தி போய்ச் சேரவில்லை, கட்டளைகள் காற்றில் போயின. 26ஆம் தேதிக்குள் கலகம் அடங்கிவிட்டது. அந்தப் பையன்கள் பேச்சாகப் பதில் சொல்லவில்லை; வேலை செய்யாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். விடுதலையின்போது இந்திய யூனியனில் இருந்த வானொலி நிலையங்கள் ஆறு. அவற்றில் இரண்டு, சென்னையும் திருச்சியும், தமிழ்நாட்டில். 1947 ஜூன் 3ஆம் தேதி மாலை தில்லி நிலையத்தில் வைஸ்ராய் மவுண்ட்பேட்டன், நேரு, ஜின்னா, சீக்கியத் தலைவர் பல்தேவ் சிங் நால்வரும் ஒருவர்பின் ஒருவராகப் பேசிப் பிரிவினைத் திட்டத்தை நாட்டுக்குச் சொன்னார்கள். அதற்கு மக்களின் பதில் என்னவாக இருந்தது என்பதைப் பஞ்சாபிலும் வங்காளத்திலும் பார்த்தோம். நான் அதற்குள் இன்று போகவில்லை.

காந்தி வானொலி நிலையத்துக்கு ஒரே ஒரு முறைதான் போனார். 1947 நவம்பர் 12, தீபாவளி நாள். குருக்ஷேத்திர முகாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள். நேரில் போக முடியாததால் தில்லி ஒலிபரப்பு நிலையத்துக்கு வந்து அவர்களுக்காகப் பேசினார். அந்த நாளைத்தான் இன்று பொதுச் சேவை ஒலிபரப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். அவர் ஏன் அதற்குமுன் போகவில்லை என்று பலர் கேட்கிறார்கள். நிலையம் வெள்ளைக்காரன் கையில் இருந்தது என்பது ஒரு காரணம். எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. தில்லிப் பிரார்த்தனைக் கூட்டங்களில் குர்ஆன் வாசிக்கும்முன், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார். ஒருவர் எழுந்து உண்டு என்று சொன்னாலும் அன்றைய பிரார்த்தனையை நிறுத்திவிட்டுப் போன நாட்கள் உண்டு. கேட்பவர் மறுக்கலாம் என்பதைக் கூட்டத்தின் விதியாகவே வைத்திருந்தவர் அவர். மறுப்புச் சொல்லவே முடியாத கருவியிடம் அப்படிப்பட்டவர் தயங்கியது எனக்கு வியப்பாக இல்லை.

தமிழ்நாட்டு அரசியலுக்கும் வானொலிக்கும் உள்ள உறவு, உறவில்லாமையின் வரலாறு. அன்று ஆகாசவாணி மத்திய அரசின் உடைமை. தேர்தலுக்குக் கட்சிகள் பேச அதில் அப்போது இடமில்லை. அண்ணாவின் தலைமுறை மேடையிலும் நாடகத்திலும் சினிமாவிலும் பத்திரிகையிலும் வளர்ந்தது. 1967இல் வானொலியின் தயவில்லாமலே ஆட்சியைப் பிடித்தது. மேடையில் பதில் அந்த இடத்திலேயே வந்துவிடும் என்பதால், அந்தத் தலைமுறையின் தமிழுக்கே கைதட்டலுக்கு இடம் விட்டு நிறுத்தும் ஒரு தாளம் வந்தது. வானொலி நேயரும் இங்கே சும்மா இருக்கவில்லை. 1950களில் செய்தி ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று ஆகாசவாணியில் அதை ஓரங்கட்டினார். நம் மக்கள் குமிழைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். உங்களில் மூத்தவர்களுக்கு அந்த அறிவிப்பாளர்களின் குரல் இன்னும் காதில் இருக்கும். 1957இல் சினிமாப் பாட்டுப் போடும் விவித் பாரதி வந்தது நேயர்களுக்குக் கிடைத்த வெற்றி.

1975 ஜூன் 26 காலை இந்திரா காந்தி ஆகாசவாணியில் பேசி நெருக்கடி நிலையை அறிவித்தார். அதற்குப் பிறகு பத்திரிகைகளுக்குத் தணிக்கை, தலைவர்கள் சிறையில், நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு வலுவிழந்திருந்தது. வானொலி மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. திரும்பி வரும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டுப் பேசினால் நல்ல செய்தி மட்டும்தானே காதில் விழும். விவரம் தெரிந்தவர்கள் இரவில் பி.பி.சி. கேட்டார்கள். 1977 ஜனவரி 18ஆம் தேதி அதே வானொலியில் தேர்தலை அறிவித்தார். வெல்வோம் என்ற நம்பிக்கையில்தான் அறிவித்தார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். மார்ச்சில் வட இந்தியா சொன்ன பதிலில் அவர் தம்முடைய ரேபரேலித் தொகுதியையே இழந்தார். தமிழ்நாடு வேறு பதில் சொன்னது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், இங்கே அ.தி.மு.க.வும் காங்கிரஸும் சேர்ந்த அணிதான் பெருவாரியாக வென்றது. நெருக்கடி நிலையின்போது தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட மாநிலம் இது.

கட்சிகளுக்கு வானொலியில் தேர்தல் நேரம் கிடைத்தது அந்த 1977இல்தான். இன்றும் அந்த முறை தொடர்கிறது. ஆனால் பேசப்போவதை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். வேண்டாத சொல்லை நீக்கச் சொல்வார்கள். 2014 அக்டோபர் முதல் இன்றைய பிரதமர் மாதம் ஒரு ஞாயிறு பேசுகிறார். தமிழில் 'மனதின் குரல்' என்று வருகிறது. மக்களின் கடிதங்களும் தொலைபேசிச் செய்திகளும் அதில் இடம்பெறுகின்றன. எவற்றைப் படிப்பது என்று முடிவு செய்பவர்கள் பேசுகிறவரின் பக்கத்து ஆட்கள். ரூஸ்வெல்ட்டின் தபாலையும் அவருடைய அலுவலகம்தான் பிரித்தது. ஆனால் திட்டியவர்களின் எண்ணிக்கையும் மேசைக்குப் போனது, அந்தக் கடிதங்களை இன்று ஆவணக் காப்பகத்தில் யாரும் கேட்டுப் படிக்கலாம்.

கடைசியாக ஒன்று. இந்தியாவில் தனியார் பண்பலை நிலையங்கள் வந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆகிறது. பாட்டுப் போடலாம், அரட்டை அடிக்கலாம், விளம்பரம் செய்யலாம். சொந்தமாகச் செய்தி வாசிக்க அவற்றுக்கு இன்றுவரை அனுமதி இல்லை. வேண்டுமானால் ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். சமுதாய வானொலிக்கும் இதே விதிதான். தொலைக்காட்சியில் நூற்றுக்கணக்கான செய்தி அலைவரிசைகளைத் திறந்துவிட்ட அரசுகள், எந்தக் கட்சியின் அரசானாலும், வானொலிச் செய்தியை மட்டும் தம் கையைவிட்டுப் போகவிடவில்லை. காரணம் தெரிந்ததுதான். வானொலிக்குப் பேட்டரி இருந்தால் போதும், படிக்கத் தெரிய வேண்டியதில்லை, மலையிலும் கடலிலும் எடுக்கும். மீன்பிடிக்கப் போகிறவரும் ஆடு மேய்ப்பவரும் கேட்பது அதைத்தான்.